மெலிவிக்கும் மருந்தா? மாய்க்கும் நஞ்சா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்று நாம் பெருமைப்பட்டுக் கொள்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி நஞ்சு நம் வீட்டு வாசலுக்கு வரும்போது, அதை அடையாளம் கண்டுகொள்ளும் அறிவு நமக்கு வளர்ந்திருக்கிறதா? வளரவில்லை என்றே நான் சொல்வேன். வேதியியல் படிக்கும் மாணவனாகிய என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

2026 ஜனவரியில் மதுரையில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்த செய்தியை நம்மில் பலர் படித்திருப்போம். உடல் மெலியும் என்று ஒரு காணொளியில் சொல்லக் கேட்டு, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கி உட்கொண்டார் அவர். பொற்கொல்லர்கள் பொன்னை உருக்கும்போது சேர்க்கும் போராக்ஸ் உப்புதான் வெங்காரம். பொன்னுக்கு உதவும் பொருள் பெண்ணின் உயிரைக் குடித்துவிட்டது. படித்தவர்கள் சிலர், "இப்படியுமா ஏமாறுவார்கள்?" என்று வியந்தார்கள். எனக்கு வியப்பு வரவில்லை; அச்சம்தான் வந்தது. அதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா கேட்ட கேள்வி

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பெருங்களத்தூரில் வாடகை வீடு. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நாகல்கேணியில் ஒரு தோல் கம்பெனியில் வேலை செய்கிறார். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் வேலைக்குப் போய்விட்டாள். தாம்பரம் சானடோரியத்தில் நாம் எல்லோரும் 'மெப்ஸ்' என்று சொல்லும் ஏற்றுமதி வளாகத்தில், ஒரு தொழிற்கூடத்தில், உட்கார்ந்த இடத்தில் எட்டு மணி நேர வேலை. என் தேர்வுக் கட்டணமும் ரயில் சீசன் டிக்கெட்டும் அவள் சம்பளத்தில் வருபவை.

சென்ற ஆண்டு அவளை இரண்டு முறை பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு முறையும் தரகர் வழியாக வந்த பதில் ஒன்றுதான்: "பொண்ணு கொஞ்சம் குண்டா இருக்கு." மூன்றாவது வரன் வருவதற்குள் மெலிந்துவிட வேண்டும் என்று அக்கா முடிவு செய்தாள். உடன் வேலை செய்யும் ஒருவருக்குத் தெரிந்தவர் மூலம் 1,800 ரூபாய்க்கு ஒரு டப்பா கிடைத்தது. உள்ளே முப்பது மாத்திரைகள். "உடம்புல சூட்டைக் கிளப்பிக் கொழுப்பை எரிச்சுடும்" என்பது விற்றவர் வாக்கு. டப்பாவின்மேல் மருந்தின் பெயர் இல்லை. செய்தவர் பெயர் இல்லை. தேதியும் இல்லை.

விழுங்குவதற்கு முன் அக்கா என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். "தம்பி, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிற? இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லேன்" என்றாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாள் எனக்குச் செய்முறைத் தேர்வு வேறு. "ஏதாவது மூலிகையா இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பினேன்.

படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள். ஒன்பதாம் நாள் மாலை மின்சார ரயிலில் நின்றுகொண்டு வரும்போது நெஞ்சு படபடத்து, உடல் முழுதும் வியர்த்து, கண் இருண்டு போயிருக்கிறது. உடன் வந்த பெண்கள் தாம்பரத்தில் இறக்கி நடைமேடையில் உட்கார வைத்து எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்பதே. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் படபடப்பு அடங்கியது. அவள் நலமாக இருக்கிறாள் என்று எழுத முடிவதால்தான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பெயரில்லாத குப்பி

அந்த டப்பாவை எங்கள் பேராசிரியரிடம் எடுத்துச் சென்றேன். அவர் அதைத் திறக்கவில்லை. "ஆய்வகத்தில் லேபிள் கிழிந்துபோன ஒரு குப்பி கிடைத்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். "தொடமாட்டேன் ஐயா. தனியே எடுத்து வைக்கச் சொல்லி உதவியாளரிடம் சொல்வேன்" என்றேன். "சோதனைக் குழாய்க்கே கூடாது என்கிற பொருள் அக்காவின் வயிற்றுக்கு மட்டும் ஆகுமா?" என்றார். பிறகு, "நாம் ஆல்டிஹைடு, கீட்டோன் கண்டறியப் பயன்படுத்துகிறோமே டைநைட்ரோபினைல் ஹைட்ரசீன், அதற்குப் பெயரில் நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் வரலாற்றைப் படித்துவிட்டு வா" என்று அனுப்பினார்.

அந்த உறவுக்காரனின் பெயர் டைநைட்ரோபினால். சுருக்கமாக டி.என்.பி. மஞ்சள் நிறப் பொடி. சாயங்கள் செய்யவும், மரத்தைப் பூச்சி அரிக்காமல் காக்கவும், வெடிமருந்தில் சேர்க்கவும் பயன்பட்டது. இதை மனிதர்கள் விழுங்கியிருக்கிறார்கள், விழுங்கி இறந்திருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உடல் நடுங்கியது. அக்கா விழுங்கியது இதுதான் என்று நான் சொல்லவில்லை. அது என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் 'சூட்டைக் கிளப்பிக் கொழுப்பை எரிக்கும்' என்ற அந்த விற்பனை வாசகத்துக்கு முழுப் பொருள் என்ன என்பதை டி.என்.பி.யின் கதை போல் வேறு எதுவும் விளக்குவதில்லை.

வெடிமருந்துச் சாலையிலிருந்து மருந்துக் கடைக்கு

முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டு வெடிமருந்துச் சாலைகளில் பிக்ரிக் அமிலத்தோடு டி.என்.பி.யையும் கலந்து குண்டுகளை நிரப்பினார்கள். அங்கு வேலை செய்த தொழிலாளர்கள் காரணமின்றி மெலிந்தார்கள். ஓயாமல் வியர்த்தது; காய்ச்சல் ஏறியது; சிலர் மாண்டும் போனார்கள். பொடி தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போயிருந்தது.

தொழிலாளியைக் கொன்ற இந்த மெலிவு, பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பணக்கார நாட்டில் மருந்தாகிவிட்டது. 1933-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிஸ் டெய்ன்டரும் அவருடைய சகாக்களும் டி.என்.பி. உடலின் எரிபொருள் செலவைக் கூட்டி எடையைக் குறைக்கிறது என்று அறிவித்தார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமலே கடைகளில் விற்கத் தொடங்கினார்கள். விரைவிலேயே ஓர் இலட்சம் பேருக்கு மேல் உட்கொண்டதாக மதிப்பிடப்பட்டது. பிறகுதான் கண்புரை வந்தது. அதுவும் இளம் பெண்களுக்கு. மரணங்களும் நிகழ்ந்தன. 1938-இல் அமெரிக்காவில் புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகு, இது மனிதர் உட்கொள்ளத் தகாத, மிகவும் ஆபத்தான பொருள் என்று அரசு அறிவித்தது.

கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1980-களில் டெக்சாசில் ஒரு மருத்துவர் இதை வேறு பெயரில் மாத்திரையாக்கி விற்றுத் தண்டனை பெற்றார். 2015 ஏப்ரலில் இங்கிலாந்தில் 21 வயதுப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் டி.என்.பி. மாத்திரைகளால் இறந்தார். அதற்கடுத்த மாதமே இன்டர்போல் உலக நாடுகளின் காவல் துறைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அந்த மாத்திரைகளை விற்றவர், சீனாவிலிருந்து பொடியைப் பீப்பாயில் வரவழைத்து, இலண்டனில் ஒரு குடியிருப்பில் வைத்துக் குப்பிகளில் அடைத்தவர். அவருக்கு மரணம் விளைவித்த குற்றத்துக்காக 2020-இல் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2023 அக்டோபர் முதல் அந்நாட்டில் டி.என்.பி. சட்டப்படியே நஞ்சுப் பட்டியலில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். தோல் கம்பெனியில் குரோம் உப்பும் சாயமும் கலந்த தண்ணீரிலேயே நாளெல்லாம் நிற்பவர் அவர். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும், வேலை இடத்தில் கையால் சாப்பிட மாட்டார். டிபன் பாக்ஸில் அம்மா ஒரு கரண்டியும் வைப்பாள். டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேர் ஒட்டாத சரக்கைக் கம்பெனி கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. நீங்க வயித்துக்குள்ள விட்டிருக்கீங்களேடா" என்றார். ஐந்தாம் வகுப்புப் படித்தவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஏரியும் மதகும்

இந்தப் பொருள் உடலில் என்னதான் செய்கிறது? அறிவியல் படிக்காத தோழர்களும் புரிந்துகொள்ளும்படி சொல்ல முயல்கிறேன்.

நம் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உலைகள் இருக்கின்றன. அவை உணவைப் பிராணவாயுவைக் கொண்டு எரித்து, கிடைக்கும் ஆற்றலால் ஹைட்ரஜன் அயனிகளை ஒரு சவ்வுக்கு அப்பால் இறைத்துத் தேக்குகின்றன. அது ஓர் ஏரி, சவ்வுதான் கரை. தேங்கியவை திரும்பி வருவதற்கு ஒரு மதகு உண்டு. அந்த மதகில் ஒரு சக்கரம் உண்டு. அயனிகள் பாயப் பாயச் சக்கரம் சுழன்று ஏ.டி.பி. என்னும் பொருளை உண்டாக்குகிறது. நாம் நடப்பதும் நினைப்பதும் இதயம் துடிப்பதும் அந்த ஏ.டி.பி.யால்தான். 1961-இல் இக்கொள்கையை வெளியிட்ட ஆங்கில விஞ்ஞானி பீட்டர் மிட்சலுக்கு 1978-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

டி.என்.பி. செய்வது கரையை உடைக்கும் வேலை. அது அயனிகளைச் சுமந்துகொண்டு சவ்வின் ஊடாகவே கடந்துவிடுகிறது. மதகு இருந்தும் பயனில்லை, சக்கரம் சுழல்வதில்லை. 2015 டிசம்பரில் ஏரிகளும் அடையாறும் பெருகி வந்ததைக் கண்ட நம் முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்குக் கரைக்கு அடங்காத நீர் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே கரையை மீறுவது நீரன்று, சூடு. ஏ.டி.பி. ஆக வேண்டிய ஆற்றல் முழுதும் வெப்பமாகிறது. ஏரி வற்றுவதைக் கண்ட உடல் அதை நிரப்ப மேலும் மேலும் கொழுப்பை எரிக்கிறது. எடை குறைகிறது.

ஆம், எடை குறைவது உண்மைதான். அபாயமே அங்குதான் இருக்கிறது. போலி மருந்தாக இருந்தால் பணம் மட்டும் போகும். இதுவோ சொன்னதைச் செய்கிறது. அதனால் நம்பிக்கை கூடுகிறது. நம்பிக்கை கூடினால் கையும் தாராளமாகிறது. உடலை விட்டு மெதுவாகவே நீங்குவதால், நேற்று விழுங்கியதன்மேல் இன்று விழுங்கியது சேர்கிறது. வேறு மருந்துகளில் பலன் ஒன்று, பக்க விளைவு வேறு. இதிலோ மெலிவிப்பதும் கொல்வதும் ஒரே செயல். இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான எல்லைக்கோடு கிடையாது.

சாதாரணக் காய்ச்சலில் சூட்டை ஏற்றுவது மூளையின் கட்டளை. காய்ச்சல் மாத்திரை அந்தக் கட்டளையை மாற்றுகிறது. டி.என்.பி.யின் சூடு மூளையிலிருந்து வருவதில்லை. ஒவ்வோர் உயிரணுவிலிருந்தும் வருகிறது. எனவே மாத்திரைக்கு அடங்காது. இதற்கு முறிவு மருந்தும் இல்லை. உடலைக் குளிர்வித்து, மருத்துவர்கள் போராடிப் பார்க்கத்தான் முடியும். மீனம்பாக்கத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில், சும்மா நடந்தாலே உடல் வெந்துபோகும் நம் ஊரில், இப்படிப்பட்ட உலையை வயிற்றுக்குள் ஏற்றிக்கொள்வது எத்தகைய மடமை என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பெயர் இருந்தால் போதுமா?

"பெயரில்லாததை விட்டுவிடலாம். பெயரோடு, மூலிகை என்று அச்சிட்டு விற்பவை உண்டே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சிபுட்ரமின் என்ற பசியடக்கி, இதயத்துக்குக் கேடு என்று தெரிந்ததால் 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2011-இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. ஆனால் அதன் பின்னரும், 'இயற்கை', 'மூலிகை' என்று பெயரிட்ட மெலிவு மாத்திரைகளில் அதே சிபுட்ரமின் கலந்திருந்ததை அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் சோதனைகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்தன. ஆகவே லேபிள் இல்லாதது ஆபத்து. பொய் லேபிள் அதனினும் ஆபத்து.

நல்ல மருந்தே தகாத இடத்தில் நஞ்சாவதும் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தவருக்குத் தைராக்சின் ஒரு வரப்பிரசாதம். குறையில்லாதவர் மெலிவதற்காக அதை விழுங்கினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். நாளடைவில் எலும்பும் தேயும். அமெரிக்காவில் அந்த மருந்தின் குறிப்பிலேயே, எடை குறைக்கப் பயன்படுத்தாதீர் என்று கட்டம் போட்டு எச்சரித்திருக்கிறார்கள்.

மருந்தே கூடாது என்று நான் வாதிடவில்லை. அளவு கடந்த பருமன் ஒரு நோய்தான். அதற்கு மருத்துவம் உண்டு. 2025-இல் நம் நாட்டிலும் எடையைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் விற்பனைக்கு வந்தன. அவற்றை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று சோதித்துச் சொல்ல மருத்துவர் இருக்கிறார். தவறு நேர்ந்தால் கேட்க ஒரு முகவரி இருக்கிறது. மருத்துவரும் முகவரியும் இல்லாத டப்பாவைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதன்று. பசித்து, அளவறிந்து உண்பதைப் பற்றியது. அந்த வழி மெதுவானது. மெதுவானதால்தான் நமக்குப் பிடிப்பதில்லை.

விற்பவன் மட்டுமா குற்றவாளி?

ஒரு கேள்வியை நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த டப்பாவை விற்றவன் யாரோ. ஆனால் அதை வாங்க வைத்தவர்கள் யார்? பஜ்ஜி தின்றுவிட்டுப் பெண்ணின் உடம்பை எடை போட்டவர்கள். திரையில் பருமனானவர் வந்து நின்றாலே சிரிக்கக் கற்றுக்கொண்ட நாம். நம் வகுப்பிலேயே ஒரு தோழருக்கு நாம் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முதலாண்டில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். நம் கேலிதான் அந்த வியாபாரிக்குக் கூலி வாங்காத விளம்பரம்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் மெலிவு மாத்திரை விற்கும் இடங்களையும் உடற்பயிற்சிக் கூடங்களையும் அடிக்கடி சோதனையிட வேண்டும். அது அரசின் கடமை. நம் கடமை என்ன? வேதியியல், விலங்கியல் துறைகள் இணைந்து ஆண்டுக்கு ஒருநாள் இதற்கென ஒரு கண்காட்சி நடத்தலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும்போது மரக்கன்றுகளோடு இந்தச் செய்தியையும் எடுத்துச் செல்லலாம். ஐயம் வந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணைக் கேட்கலாம் என்பதையும், விழுங்கிவிட்டுப் படபடப்போ கடுங்காய்ச்சலோ வந்தால் ஒளிக்காமல் டப்பாவையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நம் கல்லூரியில் என்னைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் பலர். நம் வீட்டாருக்கு நாமே மருத்துவர், நாமே வழக்கறிஞர், நாமே விஞ்ஞானி. எந்தத் தாளை நீட்டினாலும், எந்த மாத்திரையை நீட்டினாலும், "படிக்கிற புள்ள, பாத்துச் சொல்லு" என்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு முன் "எனக்குத் தெரியாது; தெரிந்தவரைக் கேட்டுச் சொல்கிறேன்; அதுவரை தொடாதே" என்று சொல்வது இழிவன்று. அந்த ஒரு வாக்கியத்தை நான் அன்று சொல்லியிருந்தால் அக்கா தாம்பரம் நடைமேடையில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

இப்போது மாலையில் பெருங்களத்தூர் நிலையத்தில் இறங்கியதும் ஷேர் ஆட்டோவில் ஏறாமல் அக்காவும் நானும் வீடு வரை நடந்தே வருகிறோம். ஐந்து மாதத்தில் மூன்று கிலோ குறைந்திருக்கிறாள். இன்னும் வரன் அமையவில்லை. வழியில் அவள் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டே வருகிறாள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை நோட்டில் குறித்துக்கொண்டு மறுநாள் பேராசிரியரிடம் கேட்கிறேன்.